கடைசிப் பத்து நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். கோழி கிளறினது போல எழுதுகிற ஆள் நம் குடும்பத்தில் ஒருவன்தான். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. தாளின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பொருட்படுத்தாதே. லிஃப்ட் பராமரிப்புப் படிவம், மிச்சமானது. ‘கதவு முழுதாகத் திறக்கிறதா? ஆம் / இல்லை’ என்று கேட்டிருப்பது உன்னை அல்ல.

நீ என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் வரும்போது நான் பக்கத்து அறையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன். போன வாரம் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தேனாம். அதுவும் மணமகள் தேவை பக்கமாம். உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். “நான் விசாரிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்” என்றால், “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா? பேனா இருக்கு, தாள் இருக்கு, எழுதுங்க” என்கிறாள்.

என்னத்தை எழுதுவது? அந்த நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் பார்த்த படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கம்பெனியில் என்னை இப்போது ஒரு சினிமா வளாகத்தில் போட்டிருக்கிறார்கள். நான்கு அரங்கு, ஆறு லிஃப்ட், எட்டு எஸ்கலேட்டர். மத்தியானம் ஏதும் கெட்டுப்போகாத நாளில் நான்காம் அரங்கில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே ஓடுவதெல்லாம் கனமான படம். மொத்தமே ஏழு பேர்தான் இருப்போம், அதில் ஒருவர் தூங்குவார்.

போன வாரம் பார்த்தது ஒரு பழைய பஸ் டிரைவரின் கதை. ஞாபகம் போய்விடுகிறது மனுஷனுக்கு. வீட்டையே பஸ் என்று நினைத்துக்கொண்டு, தட்டை ஸ்டியரிங் போலப் பிடித்து நாள் முழுக்க ஓட்டுகிறார். சொந்த மகளைப் பார்த்து, “எங்கம்மா இறங்கணும்?” என்கிறார். நடிப்பு பிரமாதம். ஒரே ஒரு குறை. அவர்கள் வீட்டு லிஃப்ட், கதவு மூடும் முன்னாலேயே கிளம்புகிறது. அப்படி ஒரு லிஃப்டை நான் விட்டுவைத்தால் என்னைத் தொங்கவிட்டுவிடுவார்கள். படமெடுப்பவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் டிரைவர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுகிறார். மகள் கதறுகிறாள். வெளியே மழை பெய்கிறது. மனதை உருக்கும் முடிவு. நான் அழவில்லை.

உன் அபிப்பிராயம் எழுது. படத்தைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

தபால்காரருக்குத் தினமும் தண்ணீர் கொடுத்து நட்பு பிடித்துக்கொண்டிருக்கும்,
அப்பா

*

மார்ச் 15

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் சொன்ன படம் இங்கேயும் ஓடுகிறது. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அந்த டிரைவர் சாகவில்லை. ஆஸ்பத்திரியே கிடையாது. மழையும் இல்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். காது பரிசோதிக்கிற அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். தினமும் இரண்டு பேராவது சத்தமே வராதபோது அமுக்குவார்கள். கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள அவ்வளவு வெட்கம். முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன். நீங்கள் ‘மழை பெய்கிறது’ என்று எழுதிய இடத்தில் பட்டனை அமுக்கினீர்கள்.

எந்தக் காட்சியில் எழுந்து போனீர்கள்?

சின்ன வயதில் நீங்கள் கூட்டிப்போன எந்தப் படத்தின் முடிவையும் நான் பார்த்ததில்லை. “கிளம்பு கிளம்பு, கூட்டம் வந்துட்டா ஸ்கூட்டரை எடுக்க முடியாது” என்று பத்து நிமிடம் முன்னாலேயே இழுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். எல்லாப் படமும் கதாநாயகியை ஆம்புலன்ஸில் ஏற்றுவதோடு முடிந்துவிடும் என்றுதான் ஏழாம் வகுப்பு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தீர்கள். குடும்ப நீதிமன்றத்தில் மூன்றாம் நம்பர் அறை வாசல். “நீ உள்ளே போம்மா, அப்பா இங்கேயே இருக்கேன்” என்றீர்கள். இருபது நிமிடம்தான். விவாகரத்து ஆகி வெளியே வந்தேன். பெஞ்சில் உங்கள் சாப்பாட்டு டப்பா இருந்தது. நீங்கள் இல்லை. போனை அணைத்து வைத்திருந்தீர்கள். மறுநாள் கேட்டால், “பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சும்மா” என்றீர்கள். என்னைப் பெற்றது அவமானம் என்று நினைத்துத்தான் போய்விட்டீர்கள் என்று நானே புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பேச வரவில்லை.

படத்தைப் பற்றி மட்டும் எழுது என்றீர்கள். சரி. ஒரு படத்தையாவது முடிவு வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்படியானால் நாமும் பேசலாம்.

சில்வண்டு என்று யாரும் என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. அதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

*

மார்ச் 24

அன்புள்ள சில்வண்டுக்கு,

மாட்டிக்கொண்டேன். மழை கொஞ்சம் அதிகம்தான். ஆஸ்பத்திரியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த மகள் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறாளே, அந்த இடத்தில் எழுந்தேன். அவர் கண்ணாடியில் பார்த்து, “யாரும்மா இந்தக் கிழவன்?” என்கிறாரே, அங்கே. எனக்கு உடனே இரண்டாம் எஸ்கலேட்டரில் ஏதோ சத்தம் கேட்பது போல இருந்தது. போய்ப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, என்னைவிட ஒழுங்காக.

உன் கடிதம் வந்ததும் வீராப்பாக மறுபடி போனேன். அதே இடத்தில் அதே எஸ்கலேட்டர். மூன்றாம் தடவை இடுப்புப் பட்டையை நாற்காலிக் கையில் கோத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சவரக் காட்சி வந்தது. எழுந்தேன். நாற்காலிக் கை என்னோடு வந்துவிட்டது. வாசலில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை டார்ச் என்றே கூப்பிடுவோம். “என்னண்ணே, லிஃப்டை ரிப்பேர் பண்ணச் சொன்னா நாற்காலியை எடுத்துட்டுப் போறீங்க?” என்றார். மறுநாள் படத்தை மாற்றிவிட்டார்கள். ஆக, முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை. உண்மையை எழுதிவிட்டேன்.

ஏன் எழுந்து போகிறேன் என்றால், அழுதுவிடுவேன். அவ்வளவுதான். ஸ்கூட்டர், கூட்டம் எல்லாம் சும்மா. சாதாரணமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. சத்தம் வரும். கல்யாணமான புதிதில் உன் அம்மாவோடு ஒரு படத்துக்குப் போனபோது, முன்வரிசைக்காரர்கள் படத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடுகிற பழக்கம். முப்பத்து மூன்று வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். “இது ஊருக்கே தெரியுமே” என்கிறாள்.

அன்றைக்கு நடந்ததையும் எழுதுவேன். இன்றைக்கு முடியவில்லை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் நாங்கள் வெளியிலிருந்து ஒன்று சொல்வோம்: “உள்ளே காத்து இருக்கு, பயப்படாதீங்க, கொஞ்சம் நேரம் குடுங்க.” அதையே உன்னிடம் கேட்கிறேன். உள்ளே மாட்டியிருப்பது நான்.

டிரைவர் என்ன ஆனார்? அதை மட்டும் சொல்.

அரை ஆள்,
அப்பா

*

ஏப்ரல் 2

அப்பா,

ஊருக்கே தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஸ்கூட்டர் என்றுதான் இத்தனை வருஷம் நம்பினேன். நாற்காலிக் கையைத் திருப்பி மாட்டிவிட்டீர்களா?

டிரைவர் கதை இப்படி முடிகிறது. சாயங்காலம் அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொல்கிறார்: “கடைசி ஸ்டாப் வந்தாச்சு. இறங்கும்மா.” மகள் இறங்கவில்லை. “நான் டிப்போ வரைக்கும் வரேன்” என்கிறாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி தட்டை எடுத்து ஓட்டுகிறார். அவ்வளவுதான் படம். பார்த்தீர்களா, யாரும் சாகவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமாக ஒன்றும் நடப்பதில்லை. உங்களுக்குத்தான் அது தெரியாமலே போய்விட்டது.

காற்று இருக்கிறதென்றால் நேரம் தருகிறேன். ஆனால் நிபந்தனை அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் ஒரு தையல்கடைப் படம் வருகிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டு மகன் ஜெயிலில் இருக்கிறான். அவனைப் பெற்றவள், செத்தவரின் மனைவி நடத்துகிற தையல்கடையிலேயே தான் யாரென்று சொல்லாமல் வேலைக்குச் சேருகிறாள். இரண்டு மணி ஆறு நிமிடம். இடுப்புப் பட்டை வேண்டாம்.

சில்வண்டு

*

ஏப்ரல் 19

அன்புள்ள சில்வண்டுக்கு,

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். சாட்சிக்கு டார்ச் இருக்கிறார். மீதி ஆறு நிமிடம் பற்றித்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

முதலில் அபிப்பிராயம். இப்படி ஒரு கஷ்டத்தை எடுத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாக யாரும் சொன்னதில்லை. முக்கால்வாசிப் படம் இரண்டு பெண்கள் பொத்தான் தைக்கிறார்கள். ஆனால் நான் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. எந்த நிமிடம் இவள் யாரென்று அவளுக்குத் தெரியப்போகிறதோ என்று ஊசி நுனியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமும் வந்தது. சொல்லித் தொலைய வேண்டியதுதானே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? இப்படித் திட்டிக்கொண்டே இருந்தவன், திடீரென்று யாரைத் திட்டுகிறேன் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்காரப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “உங்க பையன் பேரு என்ன?” என்று கேட்கிற இடத்தில் எழுந்துவிட்டேன். நில், திட்டாதே. ஓடிப்போகவில்லை. அரங்கின் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அதன் வழியாக மிச்சத்தை முழுதாகப் பார்த்தேன். படம் தெரிந்தது, சத்தம் வரவில்லை. கடைக்காரப் பெண் எழுந்து நிற்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். ஒரு சட்டைக் கையை இவள் பக்கம் தள்ளிவிட்டு விளக்கை அணைக்கிறாள். நான் அழுத சத்தமும் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. டார்ச் மட்டும் பக்கத்தில் நின்று, “அண்ணே, உள்ளே சீட் காலியாத்தான் இருக்கு” என்றார்.

‘மன்னிச்சிட்டேன்’ என்றுதானே சொன்னாள்? உதடு அப்படித்தான் அசைந்தது.

கண்ணால் பார்த்தது முழுப் படம், காதால் கேட்டது ஆறு நிமிடம் குறைவு. நீ காது டாக்டர் மாதிரி. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

முக்கால் ஆள்,
அப்பா

*

ஏப்ரல் 30

அப்பா,

பஸ்ஸில் உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் ‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்லவே இல்லை. “நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்திடுங்க, லேட் பண்ணாதீங்க” என்றாள். எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அதுதான். மன்னிப்பு என்ற சொல்லை வைத்திருந்தால் சாதாரணப் படமாகிப் போயிருக்கும். வாத்தியாரும் அதையேதான் சொன்னார். ஆனால் நடுவில் அந்த ஜெயில் காட்சிகள் நீளம் என்பது வாத்தியாரின் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை.

வாத்தியார் என்றால், காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். கருவியைச் சரிபார்க்க மாதாமாதம் எங்கள் கிளினிக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருவார். நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்த கதையைச் சொன்னேன். வாத்தியார் சிரிக்கவில்லை. “எங்க பசங்க எல்லாப் படத்தையும் அப்படித்தான் பாக்கிறாங்க. அவங்க உதட்டைத் தப்பாப் படிக்க மாட்டாங்க. உங்க அப்பா தனக்கு எது வேணுமோ அதைப் படிச்சிருக்கார்” என்றார்.

எனக்கு அதற்கு மேல் சிரிக்க வரவில்லை.

முக்கால் என்றே எழுதிக்கொள்கிறேன். கால் பாக்கி.

சில்வண்டு

*

மே 17

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதத்தில் வாத்தியார் என்ற சொல் நான்கு தடவை வருகிறது. எண்ணியது நான் இல்லை, உன் அம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் தெரிவிக்கிறோம்.

இப்போது படம். இதை நீ சொல்லவில்லை. போன வாரம் நான்காம் அரங்கில் போஸ்டரை மாட்டும்போதே டார்ச் என்னிடம், “அண்ணே, இது உங்களுக்கு வேண்டாம்” என்றார். ஒரு கணவனும் மனைவியும் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிகிற கதை. இதற்கு நான் தனியாகப் போகவில்லை. உன் அம்மாவைக் கூட்டிப்போய், சுவர் ஓரத்து நாற்காலியில் நான் உட்கார்ந்து, வழியை அடைத்தாற்போலப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தேன். அவள் வலிக்கிற முழங்காலை நீட்டி முன் நாற்காலியில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். “இதைத் தாண்டித்தான் போகணும். தாண்டினா வலிக்கும். வலிச்சா கத்துவேன்” என்றாள். உலகத்தில் இதைவிட உறுதியான கதவு கிடையாது.

முழுதாகப் பார்த்தேன். சத்தத்தோடு பார்த்தேன். பெயர்கள் எல்லாம் ஓடி முடித்து, விளக்குப் போட்டு, துடைப்பம் வரும் வரைக்கும் பார்த்தேன்.

அந்தப் படத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கடைசியில் தீர்ப்பு ஆகி அந்தப் பெண் வெளியே வருகிறாள். கோர்ட் படியில் நிற்கிறாள். வலது பக்கம் பார்க்கிறாள். இடது பக்கம் பார்க்கிறாள். எந்தப் பக்கம் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நிமிடம் அப்படியே நிற்கிறாள். காமிராவும் நகரவில்லை, பாட்டும் இல்லை. படம் முடிந்துவிடுகிறது.

நான் அன்றைக்குப் பார்க்காமல் போன பத்து நிமிடம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சத்தம் போட்டு அழுதேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று அழுதேன். அவர் ஒரு கைக்குட்டையை நீட்டினார். பார்த்தால் அவர் கண்ணும் சிவந்திருந்தது. முப்பத்து மூன்று வருஷமாக எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

இனி அன்றைக்கு நடந்தது. நீ உள்ளே போனதும் கதவு முழுதாக மூடவில்லை. இடுக்கு வழியாக நீ நிற்பது தெரிந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க நிற்பாயே, அதே மாதிரி. நீதிபதி ஏதோ கேட்க, “ஆமாம்” என்று நீ சொன்ன குரல் கேட்டது. அந்தக் கல்யாணத்தைத் தேடிப் பிடித்து, நீ யோசிக்கணும் என்று சொன்னபோது யோசிக்க என்ன இருக்கு என்று உன்னை அவசரப்படுத்தியவன் நான். நான் பண்ணிவைத்த ரிப்பேருக்கு நீ உள்ளே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு உன்னைப் பற்றி அவமானமா? என் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. வெளியே வருகிற உன் முன்னால் நான் கதறிக்கொண்டிருந்தால், நீ உன் கஷ்டத்தை விட்டுவிட்டு என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். ஒரு நிமிடம் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன். வாசலில் ஒரு பஸ் நின்றது. ஏறிவிட்டேன். எந்தப் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அங்கே ஒரு குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஐந்து மணி ஆகிவிட்டது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். காவல்காரரிடம் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்தேன். பெஞ்ச் இருந்தது. டப்பா இல்லை. நீயும் இல்லை.

திரும்பி வந்ததை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. போனவன் போனவன்தானே, திரும்பி வந்ததற்கு என்ன பெருமை?

இதை ஒரு படமாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். இப்படி ஒரு மடையன் இருப்பானா என்று எழுந்து போய்விடுவார்கள்.

மன்னித்துக்கொள் என்று எழுத வந்தேன். நீதான் அந்தச் சொல் இருந்தால் படம் கெட்டுவிடும் என்கிறாய். அதனால் எழுதவில்லை.

அப்பா

*

மே 26

அப்பா,

இரண்டு கரண்டி இருந்தது.

அந்த டப்பாவைத் திறந்தபோது. அன்றைக்கு உங்களை எவ்வளவு திட்டினாலும் அது மட்டும் கணக்கில் இடித்துக்கொண்டே இருந்தது. ஓடிப்போக நினைக்கிறவர் எதற்கு இரண்டு பேருக்குச் சாப்பாடும் இரண்டு கரண்டியும் எடுத்து வருகிறார்? உங்கள் முதல் கடிதத்தைக் கிழிக்காததற்கு அந்த இரண்டாவது கரண்டிதான் காரணம்.

நான் படியில் நிற்கவில்லை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே, இரண்டு பேர் சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன். காலையிலிருந்து பட்டினி. பக்கத்தில் ஒரு வக்கீல், “பாத்தும்மா, விக்கப்போகுது” என்று தண்ணீர் கொடுத்தார். உங்களுடைய படத்தைவிட என்னுடைய முடிவு நன்றாகவே இருந்தது. நான்கு மணி வரை அங்கேதான் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் நாம் இரண்டு பேரும் தவறவிட்டிருக்கிறோம். அதற்கு நான் பதினாறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். எனக்கும் வீம்பு ஒரு முழம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணத்தை நீங்கள் காட்டினீர்கள், அவசரப்படுத்தினீர்கள். ஆனால் தலையாட்டியது நான். பாதி ரிப்பேர் என்னுடையது. எல்லாவற்றையும் நீங்களே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள்.

இனி அம்மாவின் எண்ணிக்கைக்குப் பதில். ஆமாம். ஜூன் 18, வியாழக்கிழமை, காலை பதினொன்று, பதிவு அலுவலகம். மேளம், பந்தல், கூட்டம் எதுவும் கிடையாது. வாத்தியாரும் நானும் கையெழுத்துப் போடுவோம், அதற்குப் பிறகு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியாருக்கு அவருடைய அக்கா வருகிறார். என் பக்கத்துச் சாட்சியாக யாரைப் போடுவதென்று மார்ச்சிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. சாட்சியின் கையெழுத்துத்தான் கடைசி. அதற்கு முன்னால் எழுந்து போகிற ஆளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பேனாவால் எழுதினேன்.

அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைச் சரிபண்ணுகிறேன் என்று கீழேயே நின்றுவிடக் கூடாது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்துவிடுங்கள். லேட் பண்ணாதீர்கள்.

சில்வண்டு

*

ஜூன் 3

அன்புள்ள சில்வண்டுக்கு,

கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து போகவில்லை. அவள்தான் ‘பேனாவால் எழுதினேன்’ என்ற இடத்தில் எழுந்து சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு எஸ்கலேட்டர் இருக்கிறது என்று இத்தனை நாள் கழித்துத் தெரிகிறது.

வாத்தியாரைப் பற்றி எனக்கு ஒரு கேள்விகூட இல்லை. இந்தத் தடவை யோசிக்க வேண்டியதையெல்லாம் நீயே யோசித்திருப்பாய். உன் அம்மாவுக்குத்தான் இருபத்திரண்டு கேள்வி. தனித் தாளில் இருக்கிறது. பதினேழாவது கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் எத்தனை நிமிடம்? கைக்குட்டை எத்தனை என்று கணக்குப் பண்ணத்தான்.

வருகிறேன்.

அப்பா

*

ஜூன் 22

அன்புள்ள சில்வண்டுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம்.

படம் பார்த்தால் அபிப்பிராயம் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. எழுதிவிடுகிறேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ரொம்பச் சின்னப் படம். கதாநாயகி முதுகை நேராக வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நின்ற அதே நிற்பு, முகம்தான் வேறு. வாத்தியாருக்குப் பேனா பிடிக்கும்போது கை நடுங்கியது. ஓவியக்காரர் கை நடுங்குகிறதே என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் நிமிடத்தில் அழ ஆரம்பித்தேன். சத்தம் வந்தது. பதிவாளர், “ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “அவருக்கு இப்போதான் சரியாயிருக்கு” என்று உன் அம்மா சொன்னாள். என் கையெழுத்தில் ஒரு சொட்டு விழுந்து மை பரவிவிட்டது. இருந்தாலும் செல்லும் என்று பதிவாளர் சொன்னதை எல்லோரும் கேட்டீர்கள்.

நீங்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் வர அரை மணி நேரம் ஆனதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்று வாத்தியாரிடம் சொன்னாயாம். தப்பு.

முதல் ஐந்து நிமிடம் அழுதது உண்மை. எல்லாம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கலாமே என்று நாற்காலியிலேயே இருந்தேன். இத்தனை வருஷ பாக்கி. அங்கே இருக்கிற பியூன் வந்து, “ஐயா, முடிஞ்சிருச்சு, அடுத்த ஜோடி நிக்கிறாங்க” என்றார். எழுந்தேன். பார்த்தால் அந்த ஜோடி பேயறைந்தது போல நிற்கிறது. அவர்களுடைய சாட்சி, பஸ் கிடைக்கவில்லை என்று போன் பண்ணிவிட்டாராம். அந்தப் பெண் வலது பக்கம் பார்க்கிறாள், இடது பக்கம் பார்க்கிறாள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

“நான் போடறேம்மா” என்றேன். “ஐயா, உங்களுக்கு எங்களைத் தெரியாதே?” என்றாள். “தெரியாதுதான். ஆனா கடைசி வரைக்கும் இருப்பேன்” என்றேன். அவர்களுக்கும் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்கும் அழுதேன். மணமகன் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். பெண்ணின் தாய்மாமன் போல இருக்கிறேன் என்று பியூன் சொன்னார். ஆக, ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குச் சாட்சி. இந்த வேகத்தில் போனால் லிஃப்ட் வேலையை விட்டுவிடலாம் என்று உன் அம்மா சொல்கிறாள்.

மூன்று மாடியும் இறங்கி வந்தேன். இவ்வளவு நேரமாயிற்றே, எல்லோரும் போயிருப்பீர்கள், போனால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் நீ உட்கார்ந்திருந்தாய், பட்டுப்புடவையோடு, மடியில் அந்த டப்பா. “எங்கேப்பா போனீங்க? பசிக்குது” என்றாய். நான்கு கரண்டி வைத்திருந்தாய். வாயைத் திறந்து பேசினால் மறுபடி சத்தம் வந்துவிடும். அதனால்தான் அப்படி அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். பெருந்தீனி என்று வாத்தியார் நினைத்திருப்பார், எடுத்துச் சொல்.

டப்பாவை நீயே வைத்துக்கொள். அது உன்னிடம்தான் நன்றாக இருக்கிறது.

கரண்டி ஒன்று குறைகிறது என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அது என் சட்டைப்பையில் வந்துவிட்டது. தவறுதலாக இல்லை. கொண்டுவந்து கொடுக்க ஒரு காரணம் வேண்டுமே என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

முழு ஆள்,
அப்பா